ஆறு மணிக்கு வரும் போன்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மின்சாரக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். உங்களில் ஒருவர் எடுத்தார். நாளைக்குத் திருவொற்றியூர் பக்கம் எந்த லைனை நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் நேற்றைய பட்டியல்தான் கிடக்கிறது என்றேன். அவர் போனை வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தப் பெருசு மறுபடியும்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பெருசுதான். அதில் எனக்குக் கோபம் இல்லை. போனை வைத்ததில்தான் கோபம்.

இரண்டு நாள் கழித்து அலுவலக மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயன்படும்படி பழைய அனுபவம் ஏதாவது எழுதுங்கள், கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்றார்கள். சந்தோஷமாக எழுத வேறு ஆளைப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு காலை நேரத்தைத் தவிர எனக்கு இப்போது எதுவும் பெரிதாகப் படவில்லை. ஏன் தினமும் ஆறு மணிக்குப் போன் செய்கிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். படித்த பிறகும் போனை வைக்கிறவர் வைக்கட்டும்.

நம் வேலையைப் பற்றி முதலில் ஒரு பேச்சு. நாம் கம்பியில் ஓடும் அலையை அளக்கிறோம் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பொய். நாம் அளப்பதில்லை, ஊகிக்கிறோம். நொடிக்கு ஐம்பது தடவை ஆட வேண்டிய அலை இப்போது எத்தனை தடவை ஆடுகிறது, எவ்வளவு உயரம், எந்த இடத்தில் நிற்கிறது என்று துணைமின் நிலைய யார்டில் இருக்கும் பெட்டி கணக்குப் போட்டு நமக்கு ஒரு எண்ணை அனுப்புகிறது. கணக்குப் போட அலையில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. எவ்வளவு பெரிய துண்டு என்பதை மனுஷன்தான் முடிவு செய்கிறான்.

நான் வளர்ந்த வீட்டுக்குப் பின்னால் துறைமுகத்துச் சரக்கு ரயில் போகும். படுத்துக்கொண்டே சக்கரம் தட்டும் சத்தத்தை எண்ணி ரயில் என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லுவோம். ரொம்ப நேரம் எண்ணினால் சரியாகச் சொல்லலாம், ஆனால் அதற்குள் ரயில் போய்விடும். இரண்டு தட்டலில் சொல்கிறவன் முதலில் சொல்வான், தப்பாகச் சொல்வான். தண்டவாளம் பிரிகிற இடத்தில் ஒரு தட்டல் தள்ளி விழும். ரயில் அதே வேகத்தில்தான் போகும். ஆனால் அந்த இடத்தில் எண்ணினவன், வேகம் குறைந்துவிட்டது என்று சத்தியம் செய்வான்.

நம் பெட்டியும் அப்படித்தான். யார்டில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாற்றும்போது அலை ஒரு எட்டு பக்கவாட்டில் குதிக்கும். சின்னத் துண்டை எடுத்துக் கணக்குப் போடும் பெட்டி அதைப் பார்த்து, மின்சாரமே சரிகிறது என்று கத்தும். எதுவும் சரிந்திருக்காது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பேராசிரியரும் இல்லை. என் வயதுக்காரன், என்னைவிடக் கீழ் பதவியில் இருந்த ஒரு டெக்னீஷியன். அத்திப்பட்டுப் பக்கத்து யார்டில் பெட்டியை மாட்டியவன் அவன். ராயபுரத்தில் பிறந்து, கல்யாணம் ஆனதும் திருவொற்றியூரில் ஒரு சந்தில் குடிபோனவன். அவன் பெயரை எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் கடைசியில் வரும். நாங்கள் ஒருவரை ஒருவர் தோஸ்து என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவனுக்கு எஞ்சினியர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. என்னிடம் சொல்லுவான். "நீ ஏசி ரூம்ல குந்திகினு நம்பர பாக்குற. நான் வெயில்ல நின்னுகினு கம்பிய பாக்குறேன். ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னாத்தான் மாமு அது நெஜம்."

ஒரு கோடையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு மின் உற்பத்தி எந்திரம் திடீரென்று நின்றுபோனது. அலைவெண், அதாவது அலை நொடிக்கு ஆடும் எண்ணிக்கை, இறங்கத் தொடங்கியது. நான் அத்திப்பட்டுப் பெட்டி சொன்ன எண்ணைப் பார்த்தேன், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருந்த இன்னொரு யார்டின் எண்ணையும் பார்த்தேன். இரண்டும் இறங்கின. அப்புறம்தான், மீதி ஊராவது தப்பட்டும் என்று சில பகுதிகளுக்குக் கரண்டை வெட்டினேன். செய்தது சரி. ஆனால் தாமதம். அதற்குள் தானாக விழுகிற லைன்கள் விழுந்து, சாயங்காலம் வரைக்கும் பாதி ஊர் புழுங்கியது. மறுநாள் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, ஊர் எரிகிறபோது நீ எண்ணிக்கொண்டிருந்தாயா என்று கேட்டார். மெமோ கொடுத்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டு வாங்கினால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இனிமேல் என்னை யாரும் தாமதம் என்று சொல்லக் கூடாது. அத்திப்பட்டுப் பெட்டியில் வெட்டி எடுக்கும் துண்டைச் சின்னதாக்கச் சொல்லி எழுதினேன். அலாரம் சீக்கிரம் அடிக்கட்டும் என்றேன். ஊருக்காக என்று எழுதினேன். உண்மையில் என் மானத்துக்காக.

மாற்ற வேண்டியவன் தோஸ்துதான். அன்றைக்கு நானும் யார்டுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வேலையைத் தொடங்காமல் இருந்தான். இருமல் அப்போதே வந்துவிட்டது. பேச்சுக்கு நடுவில் நின்று நின்று இருமினான்.

"இத்த சின்னதாக்குனா இது பொய் சொல்லும் நைனா. லைன் மாத்துற நேரமெல்லாம் குதிக்கும்."

எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சிகினேவா பண்ண சொல்ற?"

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். மெமோ விஷயம் அவனுக்கும் தெரியும். மாற்றிக் கொடுத்தான். மூடியைத் திருகும்போது சொன்னான். "ஒரு வார்த்த ஞாபகம் வச்சிக்கோ. இது மட்டும் வியுந்தா எதுவும் வியல. பக்கத்துலயும் வியுந்தாத்தான் வியுந்துது. பாக்காம கைய வைக்காத."

அவ்வளவுதான் பாடம். இந்த வேலையில் நான் கற்ற எல்லாமே அந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. ஒரே வலையில் கட்டிய ஊர்களில் ஒரு இடம் மட்டும் தனியாக விழ முடியாது. ஒரு பெட்டி மட்டும் கத்தினால் பக்கத்துப் பெட்டியைப் பார். பார்க்க மூன்று நொடி ஆகும்.

அதற்கு அப்புறம் இரண்டு வருடத்தில் அவன் நுரையீரல் போய்விட்டது. காரணம் எது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அந்தச் சந்தில் இருமாத வீடு கிடையாது. மருத்துவ ஓய்வில் வேலையை விட்டான். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்தார்கள். கரண்டில் ஓடுகிற மிஷின். மூக்கில் குழாய். அதோடுதான் தூக்கம், சாப்பாடு, சண்டை எல்லாம். கரண்டு போனால் இன்வர்ட்டர். இன்வர்ட்டரும் போனால் மூலையில் நிற்கும் சிலிண்டர். ஆனால் சிலிண்டர் வால்வை ஸ்பேனர் போட்டுத் திருக வேண்டும். ஒரு காலத்தில் யார்டில் பெரிய பெரிய போல்ட்டைத் திருகியவனுக்கு அதைத் திருகக் கையில் பலம் இல்லை. அவன் மனைவிதான் திருக வேண்டும். அவள் வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால்தான் ஆறு மணிப் போன் வந்தது. என் ஷிப்ட் முடிகிற நேரம் அது. மறுநாள் எந்த லைனில் எத்தனை மணிக்கு வேலை என்ற பட்டியல் அப்போதுதான் முடிவாகும். என் சொந்த போனில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். பின்னால் அந்த மிஷின் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நாளைக்கு ஒன்றும் இல்லை என்றால் அவன் மனைவி ராயபுரம் போய் அவள் அக்காவைப் பார்ப்பாள், மீன் வாங்குவாள். பத்து மணிக்கு நிறுத்துகிறோம் என்றால் அன்றைக்கு அவள் வாசலைத் தாண்டமாட்டாள்.

ஒரு நாள் அவன் கேட்டான், பட்டியலில் இல்லாமல் திடீரென்று வெட்டினால் என்ன செய்வாய் என்று. வெட்டுவதற்கு முன்னால் உனக்கு ஒரு போன் வரும், என்னை நம்பு என்றேன். அவன் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். வாங்கி முடித்துவிட்டுச் சொன்னான். "உனுக்கு கீறது ஒரு கை. போன அமுக்குவியா, பொத்தான அமுக்குவியா? போன வைடா."

திடீரென்று வெட்ட வேண்டி வந்தால் யாரை முதலில் வெட்டுவது என்று ஒரு பட்டியல் உண்டு. உங்கள் சுவரிலும் தொங்கும். அதில் முதல் தொகுதியில் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரி உள்ள லைன் இல்லை. பெரிய மனிதர்கள் வீடு உள்ள லைன் இல்லை. தொழிற்சாலை லைன் இல்லை. திருவொற்றியூர் சந்துகள், எண்ணூர்க் குப்பங்கள், புளியந்தோப்புக் குடியிருப்புகள். மின்சாரம் செய்கிற புகைக்குழாயை வாசலில் இருந்து பார்க்கிறவர்கள்தான் முதலில் இருட்டில் உட்கார வேண்டும். இது யாரோ செய்த அநியாயம் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பியது நான். நான் புளியந்தோப்புக்காரன். என் கையாலேயே எழுதினேன். அங்கே வெட்டினால் யாரும் போன் செய்து கத்தமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதினேன்.

இப்போது அந்தக் காலை நேரம்.

செவ்வாய்க்கிழமை. முதல் நாள் ஆறு மணிக்கு தோஸ்துவிடம் நாளைக்கு உன் பக்கம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தேன். அவன் மனைவிக்கு ராயபுரத்தில் அந்தோணியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகும் வழக்கம். மிஷின் வந்த பிறகு மாதக்கணக்கில் போகவில்லை. அன்றைக்குப் போகலாம் என்று முடிவு செய்திருந்தாள். போனை வாங்கி என்னிடமே கேட்டாள். "மெய்யாலுமே ஒண்ணும் இல்லியே அண்ணே? பூசைக்கு போயிட்டு பன்னண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன்." தைரியமாகப் போயிட்டு வாம்மா என்றேன்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அத்திப்பட்டு யார்டில் ஒரு லைன் மாற்றும் வேலை இருந்தது. அனுமதித் தாளில் காலையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாற்றினார்கள். அலை குதித்தது. நான் சின்னதாக்கி வைத்த துண்டில் அது சரிவாகத் தெரிந்தது. அலாரம் சிவப்பில் எரிந்தது. அந்த அலாரம் ஒரு தடவை எரிந்தால், எண் திரும்பி வந்தாலும் நாம் அணைக்கும் வரை எரியும். பக்கத்து மேஜையில் போன் அடித்தது, எடுத்தேன். மேலதிகாரி. என்னய்யா சிவப்பாத் தெரியுது, இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கியா என்றார்.

இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கியா. அந்த வார்த்தை போதும். நான் பக்கத்துப் பெட்டியைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பினால் போதும், இரண்டாவது திரை அங்கேதான் இருந்தது. திருப்பவில்லை. முதல் தொகுதியை வெட்டினேன்.

வெட்டிய பிறகுதான் கழுத்துத் திரும்பியது. உள்ளே தள்ளி இருந்த யார்டில் கோடு தட்டையாக இருந்தது. ஆடவில்லை, அசையவில்லை. அதற்கடுத்த யார்டிலும் அப்படியே. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதுவும் விழவில்லை. நான்தான் வெட்டியிருக்கிறேன்.

இதுவரை நான் செய்தது தவறு. யாருக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும். இனிமேல் சொல்லப் போவது தவறு இல்லை. அதற்கு வேறு பெயர்.

வெட்டியதைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, மேலதிகாரிக்குப் போன் செய்து, அலாரம் பொய், நான் பார்க்காமல் வெட்டிவிட்டேன், இப்போதே கொடுக்கிறேன் என்று சொல்வது. இரண்டு நிமிடத்தில் கரண்டு வந்துவிடும். இன்னொன்று, விதிப்படி நடப்பது. அலைவெண் கால் மணி நேரம் நிலையாக இருந்தால் தானே திருப்பிக் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம், எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பதிவேட்டில், சரிந்தது, வெட்டினோம், நிலைத்தது, கொடுத்தோம் என்று அழகாக இருக்கும்.

நான் கால் மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தோஸ்து ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. போன் மேஜை டிராயரில் சத்தமில்லாமல் இருந்தது. எடுத்துக் கூப்பிட்டால் அறையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் பார்ப்பார்கள், இவன் ஏன் இந்த நேரத்தில் சொந்தப் போன் பேசுகிறான் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். இன்வர்ட்டர் அரை மணி தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இன்வர்ட்டர் பேட்டரியின் வயது எனக்குத் தெரியாது. அதையும் ஊகித்தேன். டீ வந்தது. குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

கால் மணி முடிந்து, லைன்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தபோது இன்னும் நாலு நிமிடம் ஆகியிருந்தது. அப்புறம்தான் டிராயரைத் திறந்தேன். அவன் எண்ணிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்திருந்தது. மூன்றும் அந்த நேரத்துக்குள். திருப்பிக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அவன் மனைவி எடுத்தாள். அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். அழவில்லை. புரியாத குரலில் பேசினாள்.

"அண்ணே, மிஷின் ஓடிகினுதான் கீது. இவுரு ஏன்ணே எந்திரிக்கல?"

கட்டிலில் இருந்து சிலிண்டர் இருந்த மூலைக்கு எட்டு அடி. பாதி வழி வரைக்கும் வந்திருக்கிறான். ஸ்பேனர் கையில் இருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டில் கூட்டம் இருந்தது. எல்லோரும் கரண்டைத் திட்டினார்கள். அவன் மனைவி மட்டும் திட்டவில்லை. என்னைக் காட்டி, அண்ணன் ஆபீஸ்லதான் கீறாரு, கேளுங்க, அன்னிக்கு வெட்டலன்னா மொத்த ஊருக்கும் கரண்டு பூட்டிருக்கும் என்று சொன்னாள். நான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. செய்தித்தாளில் அலுவலகம் கொடுத்த விளக்கத்தை யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். அவளுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

விசாரணை நடந்தது. அறிக்கையை எழுதச் சொன்னது என்னிடம்தான். அலாரம் வரம்பைத் தாண்டியது, பணியாளர் தாமதமின்றிச் செயல்பட்டார், விதிப்படி மின்சாரம் திருப்பித் தரப்பட்டது. எல்லா வரியும் உண்மை. மேலதிகாரி தோளில் தட்டினார். போன தடவை மாதிரி இல்லை, இந்தத் தடவை வேகமாக இருந்தாய் என்றார்.

இறந்தவன் பெயர் அந்த அறிக்கையில் இல்லை. வெட்டிய லைனில் யார் இருக்கிறார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இப்போதும் இல்லை.

ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஒரு வாரம் முன்னால் அவள் கூப்பிட்டனுப்பினாள். நினைவு அட்டை அச்சடிக்கப் போகிறாள், எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொன்னாள். போனேன். அவன் படத்துக்குக் கீழே, ஊர் முழுவதும் இருளாமல் இருக்கத் தன் மூச்சைத் தந்தவர் என்று எழுதியிருந்தது. பேனாவைக் கையில் கொடுத்தாள்.

அந்த வரியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. அச்சில் ஏறிவிட்டால் நூறு வீட்டில் அந்தப் பொய் மாட்டியிருக்கும். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைச் சின்னதாக்கியது, லைன் மாற்றியது, கழுத்தைத் திருப்பாதது. அவள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டாள். அவளுக்குத் தேவையானதை மட்டும் அவளே பிரித்து எடுத்தாள்.

"அப்ப அன்னிக்கு ஊருக்கு ஒண்ணும் ஆவல."

"ஆகலம்மா."

"உங்களுக்கு அது எப்ப தெரிஞ்சிது?"

"ஒரு நிமிஷத்துல."

"அதுக்கப்புறம் இன்னா பண்ணீங்க?"

நான் அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருக்கலாம்.

"உக்காந்திருந்தேன். டீ குடிச்சேன்."

தெருவில் தண்ணீர் லாரி வந்து குடத்தோடு ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை. என் கையில் இருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். ஒரு தடவை இல்லை, தாள் கிழிகிற வரைக்கும் அடித்தாள்.

"மூணு தபா உங்கள கூப்ட்டாரு சார்" என்றாள்.

அண்ணே போய் சார் வந்துவிட்டது. இன்று வரை திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன்.

நான் எழுந்து வாசல் வரை வந்தபோது பின்னால் இருந்து குரல் வந்தது. மன்னிப்போ சாபமோ, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். இரண்டும் இல்லை.

"ஆறு மணிக்கு போன் பண்ணிகினு இருந்தீங்களே. அத்த ஏன் நிறுத்துனீங்க? எதிர் வூட்டு கெயவி மிஷின்லதான் கீது. கோடி வூட்டுல ஒரு ஆளு, பின்னால சந்துல ரெண்டு பேரு. அவுங்களுக்கு யாரு சொல்றாங்க? எனுக்கு சொல்லுங்க. நான் போயி சொல்லிக்கிறேன்."

மறுநாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தாள். லைன், நேரம் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அப்படித்தான் போகிறது. ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூடக் கழுத்தில் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். அதற்கப்புறம் பட்டியலை முதலில் உங்களிடம் கேட்டு, அவளுக்குச் சொல்கிறேன். இதற்கு நடுவில் என்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஓய்வுக்கு முன்னால் அத்திப்பட்டுப் பெட்டியில் துண்டைப் பழைய அளவுக்கு மாற்றினேன். சுவரில் தொங்கும் பட்டியலை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. முதல் தொகுதி இன்னும் அதே தொகுதிதான்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், அவன் பெயரைப் போடட்டுமா, புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்று. அடுப்பில் வேலையாக இருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "வேணாம் சார். பேரு போட்டா அவுரு செத்தது உங்க ஆபீசுக்கு ஒரு பாடமா பூடும். எங்க வூட்டு ஆளு பாடம் இல்ல."

அவள் சொன்னது சரி. அதனால் இதை நீங்கள் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டிங்கில் படித்துக் காட்டி இரண்டு நிமிடம் நிற்கவும் வேண்டாம். பக்கத்துப் பெட்டியைப் பாருங்கள் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். தப்பாக வெட்டினால் உடனே ஒத்துக்கொண்டு கொடுங்கள், மானம் போனால் திரும்பி வரும் என்பதையும் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் கேட்பார். நானும் தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

போன வியாழக்கிழமை நீங்கள் போனை வைத்த பிறகு யார்டில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். கிடைக்க ஏழு மணி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தச் சந்து லைனைத்தான் நிறுத்துவதாக இருந்தது. அவளிடம் சொன்னேன். அவள் எதிர் வீட்டுக்குப் போனாள். அந்தக் கிழவியின் மகள் மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அந்தச் சுற்று வட்டாரத்தில் மிஷின் வைத்த வீடு ஏழு.

இதை எழுதி முடிக்கும்போது மணி ஐந்தே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் உங்கள் அறையில் போன் அடிக்கும். பெருசு என்று திட்டிக்கொண்டே எடுங்கள், பரவாயில்லை. லைன் பெயரையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வையுங்கள்.